மூதேவி எதிரே வந்தாள்

சீப்பின் பல் முறியும்போது ஒரு சத்தம் வரும், காய்ந்த ஈர்க்கை நகத்தால் ஒடித்தது போல, சின்னதாக ஒரு "டிக்". என் சின்ன வயதை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான புங்குடுதீவில் எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் முழுகினால் தலைமயிர் தேங்காய்த் தும்பு மாதிரி விறைத்துப்போகும், நல்லெண்ணெய் எவ்வளவு தடவினாலும் எண்ணெய் கன்னத்தில் வழியுமே தவிர மயிர் தன் பாட்டில்தான் நிற்கும். அம்மா என்னை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீப்பை இழுக்க, "டிக்" என்று ஒரு பல் போகும், குசினி வாசலில் அகப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பெரியம்மா உடனே சொல்லுவார்: "மூதேவி, சீப்பையும் திண்டிட்டுது."

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. கலியாணம் கட்டிக் கொஞ்சக் காலத்திலேயே புருசனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தவர். அவரைப் போலத் துப்புரவான ஒரு மனுசியை நான் இன்றுவரை கண்டதில்லை. வெள்ளைச் சேலையில் ஒரு கறை இருக்காது, கொண்டையிலிருந்து ஒரு மயிர் வெளியே வராது, கழுவிக் கவிழ்த்த சட்டியில் முகம் பார்க்கலாம். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த சொற்கள் மூன்று. சாதாரண நாட்களில் "மூதேசி", கோபம் வந்தால் "மூதேவி", என் மொத்த நிலைமையையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டி வந்தால் "சீத்துவக்கேடு". விளக்கு வைக்கிற நேரத்தில் தலையை விரித்துக்கொண்டு நின்றால் மூதேவி, வாசற்படியில் குந்தியிருந்தால் மூதேவி, சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் காயவிட்டால் மூதேவி, விளக்குமாறு காலில் தட்டுப்பட்டாலும் அது என் குற்றம்தான், விளக்குமாற்றின் குற்றம் இல்லை. "இவள் இப்பிடித் திரிஞ்சா சீதேவி படலையடியிலை நிண்டு எட்டிப் பாத்திட்டுத் திரும்பிப் போயிடுவாள்" என்று அம்மாவிடம் முறையிடுவார். நானும் பலநாள் வாசற் படலைக்குப் போய், யாராவது நின்று திரும்பிப்போன தடம் மணலில் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறேன்.

இப்போது பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் கேட்டால் பத்தும் சொல்லக்கூடியவள் என்று பெயர் எடுத்திருக்கிறேன், ஆனால் நான் முதன்முதலில் அகராதியைத் திறந்தது பரீட்சைக்காக இல்லை, இந்தச் சொல்லுக்காகத்தான். திறந்து பார்த்தவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூத்த தேவி, அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பொருள். அதற்குள் ஊத்தையும் இல்லை, பரட்டைத் தலையும் இல்லை, கழுவாத கோப்பையும் இல்லை. தவ்வை என்றும் சேட்டை என்றும் அவளுக்குப் பழைய பெயர்கள் உண்டு, அவற்றுக்கும் அக்கா, மூத்தவள் என்றுதான் அர்த்தம். பாற்கடலைக் கடைந்தபோது முதலில் வந்தவள் இவள். பின்னால் தாமரையோடு தங்கச்சிக்காரி வர, எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், இவளைப் பார்க்க ஆள் இல்லை. ஒரு காலத்தில் கோயில்களில் இவளுக்கும் ஓர் இடம் இருந்ததாம், பெரிய வயிறும் காகக் கொடியுமாகக் கல்லில் கால் அகட்டி இருந்தாளாம், பிறகு யாரோ தூக்கிக் குளக்கரையில் போட்டுவிட்டார்கள். "சீத்துவம்" என்பதும் திருவின் தன்மைதான், தங்கச்சியின் சாயல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது கெட்டுப்போனால் சீத்துவக்கேடு. ஆக, தங்கச்சியைப் போல இல்லாதது ஒரு கேடு, முன்னுக்குப் பிறந்தது இன்னொரு கேடு. இதில் எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று இருக்கிறது. மூதேவியின் கையில் இருப்பது விளக்குமாறு. ஊர் முழுக்கக் கூட்டுகிறவளின் மேலில்தானே ஊர்த் தூசு படியும்? விளக்குமாறு பிடித்தவளை ஊத்தை என்றும், தாமரையில் சும்மா இருந்தவளைத் துப்புரவு என்றும் பெயர் வைத்தவர்கள் ஒருநாளும் ஒரு முற்றம் கூட்டியிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு தங்கச்சி இருந்தாள். பெயர் கமலா. அம்மா யோசித்துத்தான் வைத்தாவோ, யோசியாமல் வைத்தாவோ, தாமரையின் பெயரை அவளுக்கே வைத்துவிட்டா. அவளின் தலை எந்த நேரமும் இரட்டைப் பின்னலில் படிந்திருக்கும், சட்டையில் மடிப்புக் குலையாது. "கமலாவைப் பார், அவளும் இந்த வீட்டிலைதானே வளருறாள்" என்பார் பெரியம்மா. அவளும் அந்த வீட்டில்தான் வளர்ந்தாள், ஆனால் அவளை முழுகவார்க்கும் நல்லதண்ணீரை நான் கொண்டுவந்தேன். எங்கள் தீவில் நல்லதண்ணிக் கிணறு ஊர் எல்லையில், இளம்பனை வடலிக் காணிகளைத் தாண்டி இருந்தது. மூத்தவள் என்பதால் காலையிலும் பின்னேரமும் குடத்தோடு போய்வருவது என் வேலை. ஆட்டுக்குக் குழை ஒடிப்பது, காய்ந்து விழுந்த காவோலை பொறுக்குவது, முற்றம் கூட்டுவது, அதுவும் என் வேலை. வடலிக்குள் நடந்தால் பனைமட்டைக் கருக்கு சட்டையைக் கிழிக்கும், நாயுருவி பாவாடை முழுக்க ஒட்டும், குடத்தண்ணீர் சிந்திச் சிந்தி அதில் புழுதி சேரும். அவ்வளவு தூரம் சுமந்துவந்த தண்ணீரை என் தலையில் ஊற்ற எனக்கே மனம் வராது. உவர்த்தண்ணீரில் முழுகிவிட்டுப் பரட்டைத் தலையோடு நிற்பேன். நல்ல தண்ணீர் குடிக்கவும், சமைக்கவும், கமலாவுக்கும்.

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்திருக்கமாட்டேன், அப்பா விஷயம் ஒன்று இல்லாவிட்டால். அப்பாவுக்குத் தெற்கில் ஒரு சிறு பட்டணத்தில் கடை இருந்தது. எங்கள் தீவு ஆண்கள் பலருக்கும் அதுதான் பிழைப்பு, வருடத்தில் சில கிழமைகள் வீட்டில், மற்றதெல்லாம் கடையில். அவர் வந்து நிற்கும் நாட்களில் எங்கள் வீட்டில் குரல்கள் எல்லாம் இறங்கிவிடும், பெரியம்மாகூட என்னைப் பேர் சொல்லிப் "பரமேசு" என்று கூப்பிடுவார். பிறகு அவர் திரும்பிப் போகிற நாள் வரும், அந்த நாளில் "முழுவியளம்" பார்ப்பார்கள்.

வீட்டைவிட்டு வெளிக்கிடுகிறவரின் கண்ணில் முதலில் யார் படுகிறார் என்பதுதான் முழுவியளம். போகிற காரியம் சரிவருமா, வராதா என்பது அந்த எதிரே வருகிற ஆளில் இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். நம்பியதோடு விடாமல், தற்செயலாக நடக்கவேண்டியதை முன்கூட்டியே ஒழுங்கும் பண்ணினார்கள், இந்தக் கெட்டித்தனம் எங்கள் ஆட்களுக்கே உரியது. நல்ல ஆளாகப் பார்த்து, வீட்டு முன் ஒழுங்கை திரும்பும் முடக்கில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அப்பா பெட்டியோடு படலையைத் திறக்க, உள்ளேயிருந்து ஓர் இருமல் சைகை போகும், அந்த ஆள் ஒன்றும் தெரியாதவர் மாதிரி எதிரே நடந்து வருவார். எங்கள் வீட்டில் அந்த ஆள் கமலா. பட்டுப் பாவாடை கட்டி, பொட்டு வைத்து, செம்பு நிறையத் தண்ணீரோடு அவள் வர, அப்பா ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு நடப்பார். அந்தச் செம்பில் இருந்தது நான் சுமந்து வந்த தண்ணீர்.

என்னை அந்த நேரம் வீட்டுக்குப் பின்னால், கோடிப்பக்கம் அனுப்பிவிடுவார்கள். ஆட்டுக்கொட்டிலடியில் நின்றால் படலை தெரியாது. அப்பா போவதை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. முதல்நாள் இருட்டும்போது அவர் மடியில் இருப்பேன், அடுத்த நாள் விடிய அவர் முகம் கழுவுகிற சத்தம் கேட்கும், பிறகு படலை கிறீச்சிடும், அவ்வளவுதான், அப்பா இல்லை. எனக்குக் காவலாகப் பெரியம்மாவும் கோடிக்கு வந்துவிடுவார். காவல் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் ஓலை வேலியின் நீக்கலுக்குள் கண்ணை வைத்து ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். அப்போதுதான் விளங்கியது, விதவையான அவரும் எதிரே வரக்கூடாதவர். கறையில்லாத சேலையும் கலையாத கொண்டையுமாக, தீவிலேயே துப்புரவான அந்த மனுசி, பரட்டைத் தலைச்சியான என்னோடு ஆட்டுப்புழுக்கைக்கு நடுவில் ஒளிந்து நின்றார். துப்புரவுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒரு தொடுசலும் இல்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவருக்காகப் பரிதாபப்பட்டேன், ஆனால் அவர்தான் என்னை அங்கே நிறுத்தியவர் என்பதையும் மறக்கவில்லை.

அது ஆனி மாதம். அப்பா வெளிக்கிடுகிற அன்று பெரியம்மா நீக்கலில் கண்ணை வைத்த நேரம் பார்த்து, கோடிவேலியில் ஆடு போய்வருகிற "பொட்டு" வழியாக நான் வெளியே புகுந்துவிட்டேன். பிடிபட்டால் விறகுக்குப் போனேன் என்று சொல்ல ஒரு காவோலையையும் இழுத்துக்கொண்டு, வடலிக்குள்ளால் சுற்றி ஓடி, ஒழுங்கைக்கு ஏறினேன். அப்பா போகிறதை ஒரு தரம் பார்க்கவேண்டும், அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும், வேறு ஒரு நோக்கமும் எனக்கு இல்லை. முடக்கில் பட்டுப் பாவாடையோடு நின்ற கமலாவைத் தாண்டி ஓடினேன். அவள் "அக்கா! அக்கா!" என்று பயத்தில் மெதுவாகக் கத்தினாள். படலை திறந்தது. அப்பா பெட்டியோடு நின்றார். அவருக்கு எதிரே தலைவிரி கோலமாக, கிழிந்த சட்டையும் நாயுருவியுமாக, காவோலையை இழுத்துக்கொண்டு நான் நின்றேன்.

"ஐயோ, மூதேவி குறுக்கை வந்திட்டுது!" என்று கோடியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. அம்மா ஓடிவந்து அப்பாவின் பெட்டியைப் பிடித்தா. "இஞ்சேருங்கோ, திரும்பி உள்ளுக்கை வாங்கோ. ஒருக்கா இருந்து, தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ." பிழையான முழுவியளத்துக்கு அதுதான் பரிகாரம். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், திரும்பி வந்து கதிரையில் இருந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தா. கமலாவை மறுபடியும் முடக்குக்கு அனுப்பினார்கள், ஆனால் அவள் அழுததில் பொட்டுக் கரைந்துவிட்டது, செம்பும் சிந்திவிட்டது, பொட்டை வைத்து, செம்பை நிரப்பி, அவள் அழுகை அடங்கும்வரை எல்லாரும் காத்திருந்தபோது பெருந்தெருவில் பஸ் ஊதிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. யாழ்ப்பாணத்தில் ரயிலைப் பிடிக்க அந்த ஒரு பஸ்தான். அப்பா போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். எனக்கு ஒரு நாள் அப்பா கிடைத்தார்.

அடி விழுந்தது உண்மைதான், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அன்று பின்னேரம் நான் குடத்தைத் தூக்க, அப்பாவும் கூட வந்தார். கிணற்றடியில் பெண்கள் சிரிக்கச் சிரிக்க, தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வடலிக்குள்ளால் நடந்தார். பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "இவ்வளவு தூரமோ மோனை?" என்று கேட்டார். "ஓம் அப்பா" என்றேன். "ரெண்டு நேரமுமோ?" "ஓம்." அவர் என் பாவாடையில் ஒட்டியிருந்த நாயுருவியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு இருந்தார். மற்றநாள் விடிய, படிந்த தலையும் காய்ந்த கண்ணுமாகக் கமலா நிறைசெம்போடு எதிரே வர, அப்பா எந்தக் குறையும் இல்லாமல் போனார். என்னைக் குசினிக்குள் விட்டுக் கொளுக்கி போட்டிருந்தார்கள்.

ஆடி மாதத்தில் தெற்கே தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்தன. றேடியோவில் சொன்னது கொஞ்சம், ஊரில் கதைத்தது அதிகம், அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு சேதியும் இல்லை. அம்மா சமைப்பதை விட்டுவிட்டா. பெரியம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார். "நீ குறுக்கை வந்த பலனடி இது. மூதேவி, தேப்பனைத் திண்டிட்டியே!" எனக்குப் பயம் பிடித்தது. என் தலைமயிரைக் கையால் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன், இதற்குள் அப்படி என்ன இருக்கிறது என்று. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அது ஒருநாள் வெளியே வந்தது. "அப்பா போன அண்டைக்குக் கமலாதானே முழுவியளத்துக்கு வந்தவள்? நிறைசெம்போடைதானே வந்தவள்?" என்று கேட்டேன். பெரியம்மா அகப்பைக் காம்பால் அடித்தார்.

அப்பா வந்தார். அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் வந்து, இடுப்பில் யாரோ கொடுத்த சாரத்தோடு, பெட்டியில்லாமல், ஒழுங்கையால் நடந்து வந்தார். தலை பரட்டை பற்றிப்போய், தாடி வளர்ந்து, மேலெல்லாம் கரி. அவரைப் பார்த்து ஒருத்தரும் "மூதேவி" என்று சொல்லவில்லை. சாப்பிட இருந்தபோது பெரியம்மா மூக்கைச் சீறிக்கொண்டு தொடங்கினார்: "எல்லாம் அண்டைக்கு இவள் குறுக்கை வந்த..." அப்பா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"அக்கா, என்ரை கடைக்கு நெருப்பு வைச்சவங்களை நான் கண்ணாலை கண்டனான். வடிவாத் தலை இழுத்து, தோய்ச்சு மினுக்கின சேட்டுப் போட்டவங்களும் அதுக்கை நிண்டவங்கள். என்ரை பிள்ளையின்ரை தலைமயிரிலை பழியைப் போடாதையுங்கோ. இந்த வீட்டிலை எல்லாரும் குடிக்கிறது அவள் சுமக்கிற தண்ணி."

பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கோடிப்பக்கம் போய்விட்டார். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். ஒரு கிழமைக்கு எனக்கு எந்தப் பெயரும் இருக்கவில்லை. பிறகு பெரியம்மா பழையபடி தொடங்கினார், ஆனால் மூதேவி போய்ப் "பரட்டை" வந்திருந்தது, அது எனக்குப் பெரிய உத்தியோக உயர்வு. அன்றிலிருந்து என் தலையை யார் சொல்லியும் நான் இழுத்துக் கட்டியதில்லை. பள்ளிக்கூட அதிபர்மார் சொன்னார்கள், பெண்பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள், வந்தவர்கள் அப்படியே போனார்கள். போனதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. என் வீட்டில் கட்டிலின் பாதியில் புத்தகம் கிடக்கிறது, யன்னலில் தேத்தண்ணிக் கோப்பை கிடக்கிறது, கிடக்கட்டும்.

யுத்தத்தில் தீவே எழும்பி ஓடிய காலம் ஒன்று பிறகு வந்தது. ஓடியவர்களில் நாங்களும் சேர்த்தி. அப்பாவும் அம்மாவும் பெரியம்மாவும் இடம்பெயர்ந்த இடங்களிலேயே ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடினார்கள், கமலா கனடாவுக்குப் போனாள், நான் மட்டும் திரும்பி வந்து இந்த வீட்டுக்கு ஓடு போட்டேன். போன ஆவணியில் கமலா வந்தாள். இன்னும் அதே படிந்த தலை. வந்த அன்றே என் கோப்பைகளைக் கழுவத் தொடங்கிவிட்டாள், "அக்கா, நீ திருந்தவே மாட்டாய்" என்று சிரித்தாள். ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கையில் தானாகச் சொன்னாள்: "அந்தச் செம்பு என்ன பாரம் தெரியுமே அக்கா? சிந்தினா அப்பாவுக்கு ஏதும் நடந்திடும் எண்டு பயம். கடை எரிஞ்ச நேரம் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அப்பா போன அண்டைக்கும் ஒரு சொட்டுச் சிந்தினது." தாமரையில் இருந்தவளும் சும்மா இருக்கவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு நன்றாக ஏசினேன், நாற்பது வருடமாக இந்த விசர்க் கதையைச் சுமந்துகொண்டு திரிந்ததற்கு.

அவள் போகிற அன்று விடிய, விமான நிலையத்துக்குப் போகிற வான் படலையில் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. கமலா மட்டும் ஏறாமல் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் கூரை விழுந்த வீடுகள், முற்றங்களில் வடலி, கிணற்றடிகளில் ஆலங்கன்று. நல்ல ஆள், கூடாத ஆள் என்று பார்த்துப் பொறுக்கி எடுத்த ஒழுங்கையில் பொறுக்க ஓர் ஆள் இல்லை. "நீ போய் முடக்கிலையிருந்து வாவன் அக்கா" என்றாள். நான் அப்போது முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். "செம்பு?" என்று கேட்டேன். "செம்பு வேண்டாம். சும்மா வா." தலையைக் கட்டிக்கொண்டு வா என்று அவள் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கட்டியிருக்கமாட்டேன். தலை விரிந்தது விரிந்தபடி, கையில் விளக்குமாற்றோடு முடக்குவரை போய், திரும்பி, அவளுக்கு நேரே நடந்து வந்தேன். வான்காரப் பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கமலா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஏறினாள். அவள் போய் இறங்கிவிட்டேன் என்று போனில் எடுத்துச் சொல்லும்வரை நானும் கொஞ்சம் படபடப்போடுதான் இருந்தேன், அதையும் ஒளிக்கவில்லை.

மற்றநாள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுப் படலையைத் திறந்தேன். ஒழுங்கை நீளத்துக்கும் வெறுமையாகக் கிடந்தது. பெருந்தெருவில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நடந்தேன், எதிரே ஒருத்தரும் வரவில்லை. ஒரு மூதேவியாவது வந்திருந்தால் நின்று நாலு கதை கதைத்துவிட்டுப் போயிருப்பேன்.